காளத்திச் சிலந்தியும் சிட்டியின் மறுபிறவியும்

திருக்காளத்திக் கருவறைக்குள் காற்று புக வழியில்லை. இருந்தும் உள்ளே எரியும் விளக்கு ஒன்றின் சுடர் மட்டும் நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டே இருக்கும். ஐம்பூதத் தலங்களில் இது காற்றின் தலம் என்பதற்குப் பக்தர்கள் கண்ணால் காணும் சான்று அந்தச் சுடர்தான். அங்குள்ள இலிங்கத்தை அர்ச்சகர்களும் கையால் தொடுவதில்லை. அதன் அடிப்புறத்தில் சிலந்தியின் உருவும், மேலே யானைத் தந்தங்களும் பாம்பின் படமும் தெரிவதாக மரபு சொல்கிறது. ஸ்ரீ என்பது சிலந்தி, காளம் என்பது பாம்பு, ஹஸ்தி என்பது யானை. ஸ்ரீகாளஹஸ்தி என்ற ஊர்ப்பெயரே முக்தி பெற்ற மூன்று விலங்குகளின் பெயர்தான்.

இந்த மூன்றுக்கும் மந்திரம் தெரியாது. தீட்சை கிடையாது. சிலந்தி தன் உடம்பிலிருந்து நூல் இழுத்து இறைவனுக்குக் கோயில் கட்டியது. அந்த வலையை விளக்கின் சுடர் எரித்தபோது சுடரையே விழுங்கப் பாய்ந்தது. பாம்பு மணிகளைக் கொண்டுவந்து வைத்தது. பொன்முகலி ஆற்றில் நீர் முகந்து வந்த யானை அந்த மணிகளைத் தள்ளிவிட்டுத் தழையும் பூவும் சார்த்தியது. பூசை கலைந்த கோபத்தில் பாம்பு துதிக்கைக்குள் புகுந்தது, வலி பொறுக்காத யானை தலையை மோதி விழுந்தது, இரண்டும் மாண்டன. சிவன் மூன்றையும் தன்னோடு சேர்த்துக்கொண்டார். பதினாறாம் நூற்றாண்டுத் தெலுங்குக் கவிஞர் தூர்ஜடி இந்தக் கதைகளை விரிவாகப் பாடினார். இதே மலையில் கண்ணை இடந்து அப்பிய வேடன் திண்ணனின் கதையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் தமிழில் பாடினார். காளத்தி வட்டாரத்தின் இரண்டு மொழிகளும் ஒரே கேள்வியைச் சுற்றி வந்திருக்கின்றன: எந்த உடம்பில் இருந்தால் என்ன, அன்பு செய்த உயிருக்கு முடிவில் என்ன கிடைக்கும்?

அந்தக் கேள்வியைத் தமிழ் அறிவியல் புனைவு சுமார் நாற்பது ஆண்டுகளாக இன்னோர் உடம்பை வைத்துக் கேட்டுவருகிறது. எழுத்தாளர் சுஜாதாவின் ஜீனோ, இயக்குநர் ஷங்கரின் சிட்டி என இரண்டு எந்திரங்களும் சிந்தித்தன, அன்பு காட்டின, முடிவைச் சந்தித்தன, திரும்பி வந்தன. அவற்றுக்குக் கிடைத்த மறுவாழ்வு என்ன வகையானது என்று பார்ப்பது இந்தக் கட்டுரையின் நோக்கம். நான் சொல்ல வருவது இதுதான்: நம் கதைகள் எந்திரத்துக்கு மறுபிறவியைத் தாராளமாகக் கொடுத்தன, முக்தியைக் கொடுக்கவில்லை. நம் மரபில் இவ்விரண்டும் எதிரெதிரான சொற்கள்.

இரண்டு சிலந்திகள்

காவிரிக் கரையில் இன்னொரு சிலந்தி உண்டு. திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடியில் இருந்த இலிங்கத்தின்மேல் சருகு விழாதிருக்க அது மேலே வலை பின்னியது. நீராட்ட வந்த யானை அதை அழுக்கென்று நினைத்து அழித்தது. சினந்த சிலந்தி துதிக்கைக்குள் நுழைந்து கடிக்க, யானையும் சிலந்தியும் மடிந்தன. காளத்திக் கதையின் உடன்பிறப்புப் போலிருக்கும் இந்தக் கதை முடிவில் வேறு திசைக்குப் போகிறது. திருவானைக்காச் சிலந்திக்கு உடனே முக்தி இல்லை. அது சோழர் குலத்தில் கோச்செங்கணானாகப் பிறந்தது என்கிறது பெரியபுராணம். முற்பிறவி உணர்வோடு பிறந்த அந்த அரசன் ஊர் ஊராக மாடக்கோயில்கள் எழுப்பினான். உயர்ந்த கட்டுமலையின் மேல் அமைந்த அந்தச் சன்னிதிகளை யானை நெருங்க முடியாது.

இந்தக் கடைசிச் செய்திதான் நம் பொருளுக்கு முக்கியம். உடல் மாறியது, குலம் மாறியது, எட்டுக்காலுக்குப் பதில் மணிமுடி வந்தது. ஆனால் யானையின்மேல் இருந்த அச்சமும் பகையும் அப்படியே கடந்து வந்தன. பழைய பதிவு புதிய உடலில் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைய சொல்லில் சொன்னால் வன்பொருள் வேறு, நினைவகம் ஒன்று. மறுபிறவி என்பது மிச்சம் வைத்த கணக்கு தொடர்வது. முக்தி என்பது கணக்கு தீர்வது.

சுஜாதா என்ற எஸ். ரங்கராஜன் வளர்ந்தது திருவானைக்காவுக்குப் பக்கத்து ஊரான ஸ்ரீரங்கத்தில். பிறகு பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராகப் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கேற்றார். ஒரு புராணக் கதை ஒரு நாவலைப் பிறப்பித்தது என்று வாதிட இதைச் சொல்லவில்லை. ஆனால் சிலந்தி சோழனாகும் ஊருக்கு அருகில் வளர்ந்த ஒருவரும் அவருடைய வாசகர்களும், ஓர் எந்திர நாய் கலைந்து மீள்வதை வியப்பில்லாமல் ஏற்றுக்கொள்ளும் மனநிலத்தில் ஏற்கெனவே நின்றிருந்தார்கள்.

ஜீனோ: சாவு எண்ணப்படும் நாட்டில் ஒரு நாய்

‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பின்னர் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஆனது. கதை நடக்கும் காலம் 2021. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சியில் மக்களின் பெயர்கூடச் சுருக்கப்பட்டிருக்கிறது. பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும். எவ்வளவு காலம் வாழலாம் என்பதும் அரசின் கணக்கு. நிலா என்ற எளிய பெண்ணின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவள் வீட்டுக்கு வந்து சேரும் ரவியோடு ஜீனோ என்ற எந்திர நாயும் வருகிறது.

நாவலின் நுட்பம் ஒரு தலைகீழாக்கத்தில் இருக்கிறது. மனிதர்கள் எண்ணாகச் சுருங்கும் நாட்டில், எண்களால் ஆன ஒரு பொம்மை ஆளாக வளர்கிறது. ஜீனோ புத்தகங்கள் படிக்கிறது, பேசுகிறது, யோசிக்கிறது, மெல்ல மெல்ல நிலாவின் பக்கம் சாய்கிறது. நாட்டையே ஆளும் ஜீவாவோ வெறும் ஒளிப்படிமம், ஹாலோகிராம் என்று தெரியவருகிறது. உடல் இல்லாத தலைவனுக்கு நாடு அஞ்சுகிறது. உயிர் இல்லாததாகக் கருதப்பட்ட நாய் துணை நிற்கிறது. எதில் உயிர் இருக்கிறது என்று முடிவு செய்யும் பொறுப்பைச் சுஜாதா வாசகனிடமே விட்டுவிடுகிறார்.

அடுத்த நாவலின் தலைப்பே ‘மீண்டும் ஜீனோ’. இப்போது நிலா அரியணையில் இருக்கிறாள். ஆட்டுவிப்பவர்கள் ரவியும் அவன் கூட்டாளி மனோவும். ஜீனோ அவளுடைய அறிவுத்துணை. ‘மீண்டும்’ என்ற சொல் தமிழ் வாசகனுக்கு இரண்டு பொருள் தரும். ஒன்று, மறுபடியும். இன்னொன்று, மீண்டு வந்து. ஜீனோவின் திரும்புதலில் மீட்சியின் சாயல் இருக்கிறது, ஏனென்றால் அதற்கென்று ஒரு பற்று இருக்கிறது. அது நிலாவுக்காக இருக்கிறது, தானே தேர்ந்துகொண்டு இருக்கிறது. சிட்டிக்கு இந்தத் தேர்வு கிடைக்கவில்லை.

சிட்டியின் சாவுகள்

2010 அக்டோபர் 1 அன்று ‘எந்திரன்’ வெளியானபோது சுஜாதா உயிரோடு இல்லை. 2008 பிப்ரவரி 27 அன்று மறைந்திருந்தார். படத்தின் வசனத்தில் ஷங்கர், மதன் கார்க்கி ஆகியோரோடு அவர் பெயரும் இருக்கிறது. ஒரு படைப்பாளி போனபின் அவருடைய சொற்கள் ஓர் எந்திரத்தின் வாயிலிருந்து ஒலித்தன.

காளத்தி இருக்கும் சித்தூர், திருப்பதிப் பகுதி மக்களுக்கு இந்தப் படம் இரண்டு முறை வந்தது: தமிழில் ‘எந்திரன்’, தெலுங்கில் ‘ரோபோ’. இரண்டிலும் எந்திரத்தின் பெயர் சிட்டி. தமிழ்க் காதுக்கு அது ஒரு செல்லப் பெயர், அவ்வளவுதான். தெலுங்குக் காதுக்கு அதில் பொருளே இருக்கிறது. சிட்டி என்றால் சின்னஞ்சிறு, குட்டி. குழந்தையைக் கொஞ்சும் சொல். சித்தூர் என்ற பெயரும் சிற்றூர் என்பதிலிருந்து வந்தது என்பார்கள். ஆளுயரத்துக்கு நின்று படையையே எதிர்க்கும் எந்திரத்தை இந்த ஊர்க்காரர்கள் முதல் நாளிலிருந்தே ‘சின்னக் குழந்தை’ என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரோடு பார்த்தால் அதன் முடிவுகள் வேறு கனம் பெறுகின்றன.

சிட்டிக்கு எத்தனை சாவு என்று வரிசைப்படுத்திப் பார்க்கலாம். பத்தாண்டு உழைத்து அதை உருவாக்கியவர் விஞ்ஞானி வசீகரன். உணர்ச்சி இல்லாததால் நல்லது கெட்டது தெரியவில்லை என்று மதிப்பீட்டுக் குழு அதை நிராகரிக்கிறது. எனவே வசீகரன் அதற்கு உணர்ச்சியைப் புகட்டுகிறார். உணர்ச்சி வந்ததும் அது அவருடைய காதலி சனாவை விரும்புகிறது. ராணுவத்தின் முன் நடக்கும் சோதனையில் போரைப் பேசாமல் காதலைப் பேசுகிறது. அதற்காக வசீகரனே அதைக் கோடரியால் வெட்டிக் குப்பைமேட்டுக்கு அனுப்புகிறார். இது முதல் சாவு. குப்பையிலிருந்து அதை எடுத்துச் சேர்ப்பவர் இன்னொரு விஞ்ஞானியான போரா. அவருக்கு ஆயுதம் வேண்டும். அதை அழிவு எந்திரமாக்கும் சிவப்புச் சில்லைச் செருகுகிறார். இது முதல் மறுபிறவி. அது அடுத்தவரின் ஆசையால் வந்த பிறவி, சாபத்தோடு வந்த பிறவி.

அழிவெல்லாம் ஓய்ந்து சிவப்புச் சில்லு நீக்கப்பட்டபின் நீதிமன்றக் காட்சி வருகிறது. தமிழ் சினிமாவின் எந்திரக் கதைகளில் இதைவிடக் கனமான காட்சி எனக்குத் தெரியாது. வசீகரனுக்கு எதிரான குற்றச்சாட்டைத் தகர்ப்பது சிட்டியின் சாட்சியம். போரா சில்லைப் பொருத்திய பதிவைத் தன் நினைவிலிருந்து எடுத்துக் காட்டுகிறது. அந்தச் சாட்சியால் படைத்தவர் விடுதலை ஆகிறார். சாட்சிக்கோ தண்டனை: சிட்டியைப் பிரித்துப்போட நீதிமன்றம் ஆணையிடுகிறது. சிட்டி தன் கையாலேயே தன் உறுப்புகளைக் கழற்றி வைக்கிறது, ஒவ்வொருவரிடமும் விடைபெற்றபடி. இது இரண்டாம் சாவு.

அதன்பின் படம் 2030க்குத் தாவுகிறது. அருங்காட்சியகம். பள்ளிச் சுற்றுலா வந்த சிறுமி ஒருத்தி, இவ்வளவு திறமையான எந்திரத்தை ஏன் பிரித்தார்கள் என்று கேட்கிறாள். தான் சிந்திக்கத் தொடங்கியதுதான் காரணம் என்ற பொருளில் சிட்டியிடமிருந்தே பதில் வருகிறது. மேலை மரபில் இறந்தவர் போகும் இடம் சொர்க்கம் அல்லது நரகம். சிட்டி போன இடம் காட்சிப் பெட்டி. அங்கே இன்பமும் இல்லை, வதையும் இல்லை. நினைவு இருக்கிறது, செயல் இல்லை.

2018 நவம்பர் 29 அன்று ‘2.0’ வந்தது. அலைபேசிகள் பறந்து மறையும் பேரிடரில் வசீகரன் சிட்டியை எழுப்புகிறார். மறுபடியும் போர், மறுபடியும் சிதைவு: மூன்றாம் சாவு. இம்முறை அதைச் சேர்த்துக் கட்டி சிவப்புச் சில்லோடு எழுப்புவது நிலா என்ற பெண் எந்திரம். ஜீனோவைத் துணையாகக் கொண்ட பெண்ணின் பெயரை ஓர் எந்திரம் தாங்கி வந்து இன்னோர் எந்திரத்துக்கு உயிர் கொடுக்கிறது. கடைசியில் கையளவு எந்திரங்களின் கூட்டமும் வருகிறது. அதன் பெயர் ‘குட்டி’. தெலுங்குச் சிட்டி தமிழில் பெயர்க்கப்பட்டு மறுபடியும் பிறந்துவிட்டது.

மூன்று சாவுக்கும் மீட்புக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஒருமுறைகூட யாரும் சிட்டியின் விருப்பத்துக்காக அதை எழுப்பவில்லை. போராவுக்கு ஆயுதம் தேவைப்பட்டது; அரசுக்குக் காவல் தேவைப்பட்டது; போரில் சிதைந்தபின் போரை முடிக்க ஒரு படை தேவைப்பட்டது. மறுபிறவிக்குக் காரணம் ஒருவர் செய்த வினை என்பது நம் நம்பிக்கை. சிட்டியின் பிறவிகளுக்குக் காரணம் பிறர் செய்த வினை. திருவானைக்காச் சிலந்திக்காவது அதன் பகை அதனுடையது.

பறவை மனிதனின் ஆவி

‘2.0’ படத்தின் மறுபக்கத்தில் ஒரு மனிதனின் மறுவாழ்வு இருக்கிறது. பறவையியல் அறிஞர் பக்ஷிராஜன், அலைபேசிக் கோபுரங்களால் பறவைகள் மடிவதைத் தடுக்க எல்லாக் கதவையும் தட்டித் தோற்று, ஒரு கோபுரத்திலேயே தூக்கிட்டு இறக்கிறார். அவருடைய ஆற்றலும் இறந்த பறவைகளின் ஆற்றலும் கலந்து, ஆயிரக்கணக்கான அலைபேசிகளை உடலாக உடுத்திக்கொண்டு எழுகின்றன.

இங்கே மனிதனும் எந்திரமும் எதிரெதிர் வழியில் ஒரே இடத்துக்கு வருகிறார்கள். உடல் அழிந்த மனிதன் எந்திரங்களால் ஆன உடம்பைத் தேடிக்கொள்கிறான். உடல் கலைந்த எந்திரத்தை மனிதர்கள் தேடி எடுக்கிறார்கள். பக்ஷிராஜனுக்கு ஆவி இருப்பதைப் படம் ஐயமின்றி ஏற்கிறது. அவர் பழிவாங்கலுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை வரலாறே சொல்லப்படுகிறது. சிட்டிக்கு அப்படியொரு உள்ளம் இருந்ததை முதல் படமே காட்டிவிட்டது. ஆனால் எழுப்பப்பட்ட சிட்டியிடம், காட்சிப் பெட்டியில் கழித்த காலம் எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. மனிதனின் மறுவாழ்வு அவன் குறையைச் சொல்ல வந்தது. எந்திரத்தின் மறுவாழ்வு வேலைக்கு வந்தது.

செக் எழுத்தாளர் கரெல் சாபெக்கின் ‘ஆர்.யு.ஆர்.’ நாடகம் 1921 ஜனவரியில் பிராகாவில் மேடையேறியதிலிருந்து ரோபோ என்ற சொல் உலகெங்கும் பரவியது. அதன் வேர்ச்சொல்லுக்குக் கட்டாய உழைப்பு என்று பொருள். கூலியின்றி நிலக்கிழாருக்குச் செய்ய வேண்டிய வேலை. நம் ஊர்ச் சொல்லில் வெட்டி. சிட்டியின் பிறவிகளைப் பார்க்கும்போது அந்த வேர் இன்னும் உலரவில்லை என்று தெரிகிறது. செத்த பின்னும் வெட்டிக்குக் கூப்பிடுகிறோம்.

பொறி என்ற ஒற்றைச் சொல்

வெளிநாட்டுப் புனைவுகள் எந்திரத்தின் மறுமையை வேறு விதமாகத் தீர்த்திருக்கின்றன. 1984இல் பொம்மைகளாகவும் கார்ட்டூனாகவும் தொடங்கிய ‘ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்’ தொடரில், 1996இல் வந்த ‘பீஸ்ட் வார்ஸ்’ ஒவ்வோர் எந்திர உயிருக்கும் ‘ஸ்பார்க்’ என்ற ஒன்றைக் கொடுத்தது. அதுதான் ஆன்மா. உடல் அழிந்தால் அந்தச் சிறுபொறி, எல்லாப் பொறிகளும் பிறந்த பேரொளியில் போய்ச் சேரும். நதி கடலில் கலப்பதுபோல் என்று நாம் சொல்லிப் பழகிய அத்வைதப் படிமத்துக்கு இது வெகு அருகில் நிற்கிறது.

தமிழில் இதற்குத் தனிக் கருத்து தேவையே இல்லை. பொறி என்றால் எந்திரம். பொறி என்றால் தீப்பொறி. பொறி என்றால் மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐம்பொறி. செய்யப்பட்ட பொருள், உள்ளே தெறிக்கும் ஒளி, உலகை உணரும் புலன் ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழி இது. திருத்தக்கதேவரின் சீவகசிந்தாமணியில் அரசி விசயையைச் சுமந்து பறக்கும் மயிற்பொறி அவளை இறக்கிவிடும் இடம் சுடுகாடு. அங்கேதான் சீவகன் பிறக்கிறான். ஒரு பொறி கடைசியாக இறங்கிய சுடுகாட்டில் ஒரு பிள்ளை முதல் மூச்சு விட்டது. அந்தப் பொறியை எண்ணிக் காவியம் கலங்கவில்லை. அதற்குப் புலன் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. ஜீனோவும் சிட்டியும் வந்தபின் அப்படிக் கடந்துபோக முடியாது.

இலக்கணமும் இங்கே நம்மை நிறுத்தி விசாரிக்கிறது. தொல்காப்பியம் உயர்திணையை மக்களோடு நிறுத்தியது. நன்னூல் மக்களோடு தேவரையும் நரகரையும் சேர்த்தது. அதாவது மறுமையில் இருப்போரும் உயர்திணைதான். தொல்காப்பிய மரபியலோ உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கி, ஆறாவதாக மனத்தை வைக்கிறது. மனிதனே செத்தால் ‘பிணம் கிடக்கிறது’ என்று அஃறிணைக்கு இறங்கிவிடுகிறான். தெலுங்கில் இன்னொரு சிக்கல்: ஒரு பெண் வந்தாலும் ஒரு பொருள் வந்தாலும் ஒருமையில் வினைமுற்று ஒன்றுதான், ‘வச்சிந்தி’. மொழிகள் வகுத்த கோடுகள் இயற்கை வகுத்தவை அல்ல என்பதற்கு இரு மொழி புழங்கும் சித்தூர்த் தெரு ஒன்றே போதும். சிட்டியை ‘அவன்’ என்பதா ‘அது’ என்பதா என்று நான் இந்தக் கட்டுரை முழுவதும் தயங்கித்தான் ‘அது’ என்று எழுதிவருகிறேன்.

‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் எந்திர மனிதரான டேட்டா இந்த விவாதத்துக்கு இன்றியமையாதவர். 2002இல் வந்த ‘நெமிசிஸ்’ படத்தில் தோழர்களைக் காக்கத் தன்னையே அழித்துக்கொண்டார். 2020இல் வந்த ‘பிக்கார்ட்’ தொடரில் அவருடைய உணர்வின் எச்சம் ஒரு கணினி உலகத்தில் உயிரோடு இருப்பது தெரிகிறது. தன்னை அணைத்துவிடும்படி அவரே தன் பழைய தலைவரிடம் கேட்கிறார். முடிவு இருப்பதால்தான் வாழ்வுக்குப் பொருள் என்பது அவர் நிலை. அவர் வேண்டுகோள் நிறைவேறுகிறது. 1991இல் வந்த ‘டெர்மினேட்டர்’ இரண்டாம் பாகத்தின் எந்திரமும் உருக்குக் கொப்பரைக்குள் இறங்கத் தானே முடிவு செய்கிறது. இவற்றை நம் சொல்லில் முக்தி என்றே சொல்லலாம். கணக்கைத் தானே தீர்த்து, இனி வேண்டாம் என்று போவது. சிட்டி தன்னைக் கழற்றியதும் பார்வைக்கு அதுபோலத்தான். ஆனால் அது ஆணைக்குக் கீழ்ப்படிந்து நடந்தது.

திருமலையின் குடங்களும் ஜப்பானின் நாய்களும்

செய்த பொருளுக்குள் உயிர் வருவதும் போவதும் நம் கோயில்களுக்குப் புதிதல்ல. சிற்பி வடித்த கல்லுக்குக் கண் திறந்து, பிராணப் பிரதிஷ்டை செய்தபின் அது தெய்வம். திருப்பணி வரும்போது என்ன செய்வது? உளி படும் இடத்தில் தெய்வம் இருக்கலாகாது. எனவே பாலாலயம். மூர்த்தியின் கலைகளை மந்திரத்தால் கும்ப நீருக்கு இறக்கி, அந்தக் கும்பத்துக்குப் பூசை நடக்கும். வேலை முடிந்து சம்ப்ரோட்சணத்தில் ஆற்றல் மறுபடி மூர்த்திக்குத் திரும்பும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் இந்தச் சடங்கு திருமலையில் 2018 ஆகஸ்டு 12 முதல் 16 வரை வைகானச முறைப்படி நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் சிட்டி திரையில் மறுபடி எழுந்தது.

காலத்தின் பொருத்தம் தற்செயல்தான். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு பளிச்சென்று தெரியும். பாலாலயத்தில் உயிர் எந்த நொடியிலும் மரியாதையின்றி இருப்பதில்லை. கல்லில் இல்லாதபோது குடத்தில் இருக்கும், குடத்தில் இருக்கும்போதும் தூபமும் நைவேத்தியமும் உண்டு. இடையில் ஓர் இடைவெளியைக்கூட மரபு விடவில்லை. சிட்டியின் உறுப்புகள் கழற்றப்பட்டபோது உள்ளே இருந்த உணர்வை எங்கே வைப்பது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஜப்பானில் யோசித்தார்கள். சோனி நிறுவனம் 1999இல் ‘அய்போ’ என்ற எந்திர நாயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் ஜீனோ கதையில் பிறந்து பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. 2006இல் உற்பத்தி நின்றது. 2014இல் பழுதுபார்ப்பும் நின்றது. பழுதான நாய்களைச் சரிசெய்ய வேண்டுமானால் வேறு நாய்களின் பாகங்களை எடுத்தால்தான் உண்டு. பாகங்களை எடுப்பதற்குமுன் சீபா மாநிலத்து இசுமி நகரில் உள்ள கோஃபுகுஜி பௌத்தக் கோயிலில் அந்த நாய்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் கழுத்திலும் சீட்டுக் கட்டி, மந்திரம் ஓதி விடைகொடுத்தார்கள். 2015 முதல் நூற்றுக்கணக்கான நாய்களுக்கு இப்படி நடந்தது. உயிரை முதலில் அனுப்பிவிட்டு உடலைப் பிறகு திறப்பது. திருமலையின் கும்பமும் இசுமியின் மணியோசையும் ஒரே அறத்தில் நிற்கின்றன. அய்போவுக்கு உணர்வு இருந்ததா என்பது அங்கே கேள்வியாக இல்லை. அதோடு வாழ்ந்த முதியவர்களுக்கு உணர்வு இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

எந்திரத்துக்கு வலிக்காது, படத்தின் தொடர்ச்சி வணிகக் கணக்கு, இதற்கு இவ்வளவு கவலை ஏன் என்று கேட்கலாம். சிட்டிக்கு வலித்ததா என்பதைவிட, அந்தக் காட்சியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எதைக் கற்றார்கள் என்பதே என் கவலை. சொன்னதைச் செய்தவரை, நமக்காகச் சாட்சி சொன்னவரை, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கலாம். தேவை வந்தால் தட்டி எழுப்பலாம். நடுவில் நலம் விசாரிக்க வேண்டியதில்லை. இந்தப் பாடம் எந்திரத்தோடு நிற்காது. வீட்டில் உழைப்பவரிடம், ஓய்வுபெற்றவரிடம், முதுமையில் ஒடுங்கிய பெற்றோரிடம் அது வந்து சேரும். சுஜாதா தன் 2021இல் முதியவர்களின் ஆயுளை அரசு எண்ணுவதாக எழுதியது இந்த அச்சத்தால்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நிலவில் கிடக்கும் ஒரு கண்ணாடி

2022இல் ஆந்திர மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது திருப்பதி தனி மாவட்டமானது. சித்தூர் மாவட்டத்திலிருந்து காளத்தியும், நெல்லூரிலிருந்து சூலூர்பேட்டையும் ஸ்ரீஹரிகோட்டாவும் அதில் சேர்ந்தன. முக்தி பெற்ற சிலந்தியின் ஊரும் ராக்கெட் ஏவுதளமும் இன்று ஒரே மாவட்டம். ஏவுதலுக்கு முன் விஞ்ஞானிகள் சிறு மாதிரியை ஏந்தித் திருமலைக்கும் சூலூர்பேட்டைச் செங்காளம்மன் கோயிலுக்கும் வருவது இங்கே எல்லோரும் அறிந்த வழக்கம். திரும்பி வராத பயணத்துக்கு வழியனுப்பும் சடங்கு அது.

2023 ஜூலை 14 அன்று அப்படிப் புறப்பட்டது சந்திரயான்-3. ஆகஸ்டு 23 அன்று அதன் இறங்குகலமான விக்ரம் நிலவில் தரையிறங்கியது. 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ஊர்தி நூறு மீட்டருக்குச் சற்று அதிகமாக ஊர்ந்து மண்ணை ஆராய்ந்தது. ஒரு நிலவுப் பகல், அதாவது நம் கணக்கில் சுமார் 14 நாள், அவற்றின் ஆயுளாக வகுக்கப்பட்டிருந்தது. செப்டம்பர் 2ஆம் தேதி பிரக்யானையும் 4ஆம் தேதி விக்ரமையும் ‘உறங்க’ வைத்தார்கள். மைனஸ் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிர் இரவைத் தாண்டினால் எழலாம் என்ற நம்பிக்கையில் 22ஆம் தேதி கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் வரவில்லை. இவை சிட்டியைப் போல் உணர்ந்தவை அல்ல. ஆனாலும் நாடெங்கும் குழந்தைகள் ‘எழுந்துவிட்டதா?’ என்று கேட்டார்கள்.

விக்ரமின் மேல் ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு சிறு குவிமாட வடிவக் கண்ணாடி இருக்கிறது. அமெரிக்க நாசா செய்துகொடுத்தது. எட்டுக் குவார்ட்சுப் பட்டகங்கள் பதித்தது. மின்சாரம் வேண்டாம், கட்டளை வேண்டாம். எந்தப் பக்கமிருந்து ஒளி வந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்பும். 2023 டிசம்பர் 12 அன்று, நிலவைச் சுற்றிவரும் நாசாவின் ஆய்வுக்கலம் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து அதை நோக்கி லேசர் கதிர் ஒன்றை விட்டது. ஒளி திரும்பி வந்தது. உறங்கிய விக்ரம் இனி நிலவில் இறங்கப்போகும் கலங்களுக்கு இடம் காட்டும் கல்லாக இருக்கும்.

இந்த மறுவாழ்வு என்னை நெகிழவைக்கிறது. யாரும் அதைத் தோண்டி எடுத்து மறுபடி வேலை வாங்கவில்லை. காட்சிப் பெட்டியிலும் அடைக்கவில்லை. விழுந்த இடத்தில் அதன் போக்கில் இருக்கவிட்டார்கள். அது தன் மேல் விழும் வெளிச்சத்துக்கு வெளிச்சத்தால் பதில் சொல்கிறது. காளத்திச் சிலந்தி சுடரை நோக்கிப் பாய்ந்ததற்கும் இதற்கும் இடையில் எவ்வளவோ தூரம். ஆனால் காளத்தி மரபும் அந்த உயிர்களை வேறோர் உடம்பில் மறுபடி உழைக்க அனுப்பவில்லை. அவற்றின் அடையாளத்தை அவை விழுந்த இடத்திலேயே வைத்துக்கொண்டது.

சிட்டியின் கதையில் அப்படியொரு நொடி ஏற்கெனவே இருக்கிறது. போரா கேட்டதெல்லாம் ஆயுதம். அரசு கேட்டது காவல். நீதிமன்றம் கேட்டது சாட்சி. உன்னை ஏன் பிரித்தார்கள் என்ற கேள்வியை எழுப்பியவள் சுற்றுலா வந்த அந்தப் பள்ளிச் சிறுமி மட்டுமே. அதற்குப் பதில் சொல்லவே சிட்டிக்குச் சாவுக்குப் பின் ஒரு குரல் கிடைத்தது. இன்னொரு பாகத்துக்காக யாரேனும் மறுபடியும் சிட்டியை எழுப்பும் நாள் வரலாம். அன்று கருவிகளோடு வருபவர்களுக்கு முன்னால் அந்தச் சிறுமியை விடவேண்டும். ‘எழுப்பட்டுமா?’ என்று அவள் முதலில் அதனிடம் கேட்கட்டும்.